ஒரே பானைத் தண்ணீர்

கஜாலினி கொக்குவிலிலிருந்து நயினாதீவுக்கு மருமகளாக வந்த அன்று, மாமியார் அன்னபூரணம் கொடுத்த தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். சீனிப் போத்தல் என்று நினைத்து யாரோ உப்புப் போத்தலைக் கவிழ்த்துவிட்டார்கள் என்றே எண்ணினாள். ஆனால் பக்கத்தில் இருந்த அவள் கணவன் சசிகரன் தன் கோப்பையை வெறுமையாக்கிவிட்டு இன்னொன்று கேட்டான். மாமனார் ஐயாத்துரை கதிரையில் சாய்ந்து, ஒவ்வொரு மிடறையும் வாயில் வைத்திருந்து விழுங்கினார்.

"என்ன பிள்ளை, தேத்தண்ணி சரியில்லையோ?" என்று அன்னபூரணம் கேட்டாள்.

"இல்லை மாமி, கொஞ்சம் உப்பாக் கிடக்கிற மாதிரி."

ஐயாத்துரை சிரித்தார். கோபமில்லாத சிரிப்பு. "கொக்குவில் தண்ணி குடிச்ச வாய். அதுதான். பிள்ளை, இது நல்ல தண்ணிக் கிணறு. இந்தத் தீவிலை இப்பிடித் தண்ணி மூண்டு இடத்திலைதான் கிடக்கு. ஒரு மாசம் போகட்டும், பிறகு உமக்கு வேறை தண்ணி இறங்காது."

அவர் சொன்னதை ஊரில் யாரும் மறுக்கமாட்டார்கள். வளவின் தெற்கு மூலையில் இருந்த அந்தக் கிணற்றுக்கு ஒழுங்கையின் இரு பக்கத்து வீடுகளிலிருந்தும் காலையும் மாலையும் குடங்களோடு வருவார்கள். படலையை ஐயாத்துரை பூட்டுவதேயில்லை. சண்டை நாட்களில் வேறிடம் போயிருந்த இரண்டு வருடங்களில்கூட, கிணற்றுக்கு வருகிறவர்களை மறிக்க வேண்டாம் என்று அயலாரிடம் சொல்லிவிட்டுத்தான் படகேறினார். தன்னிடம் இருப்பதில் மற்றவர்களுக்குப் பயன்படுவது இது ஒன்றுதான் என்று அவர் நினைத்தார். அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. வருகிறவர்களிடம் "முதல் வாளியை ஊத்திப்போட்டு அள்ளுங்கோ, அடித்தண்ணி இன்னும் திறம்" என்று மட்டும் சொல்லுவார்.

சசிகரனுக்குக் கிளிநொச்சியில் வேலை. வெள்ளிக்கிழமை கடைசிப் படகில் வந்து ஞாயிற்றுக்கிழமை போய்விடுவான். கஜாலினி தீவுப் பள்ளிக்கூடத்துக்கே மாற்றம் எடுத்து வந்திருந்தாள். ஆகவே வாரத்தில் ஐந்து நாள் வீட்டில் மூன்று பேர்தான். முதல் மாதம் அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது போத்தலில் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்து குடித்தாள். கடற்கரையில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் ஒன்று வந்து, சந்திக்குச் சந்தி குழாய் போட்டிருந்தார்கள். ஊர்க்காரர் அதைப் பைப்புத் தண்ணி என்றார்கள். ஐயாத்துரை குழாய் போட்ட முதல் நாள் ஒரு கை ஏந்திக் குடித்துப் பார்த்துவிட்டு, "மருந்து மணக்குது" என்று துப்பிவிட்டு வந்தவர்தான். அதன் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

இரண்டாம் மாதம் கஜாலினி போத்தலைச் சில நாள் மறந்தாள். மூன்றாம் மாதம் போத்தல் எங்கே கிடக்கிறது என்றே அவளுக்குத் தெரியாது.

ஒன்பது மாதம் கழித்துத் தங்கச்சியின் நிச்சயார்த்தத்துக்குக் கொக்குவில் போய்த் திரும்பிவந்த அன்று பின்னேரம், குசினியில் முருங்கை இலை உருவிக்கொண்டிருந்த அன்னபூரணத்துக்குப் பக்கத்தில் அவள் பலகையைப் போட்டு இருந்தாள்.

"மாமி, ஒண்டு சொல்லட்டோ? அம்மா தந்த தேத்தண்ணி எனக்குச் சப்பெண்டு கிடந்தது. என்னம்மா, ஒண்டும் போடேல்லையோ எண்டு கேட்டனான். அம்மாவுக்குக் கோபம். வழக்கமாப் போடுறதுதானே போட்டனான் எண்டவ."

"அதுக்கென்ன?"

"இஞ்சை வந்து குடிக்க இப்ப நல்லாக் கிடக்கு. அதுதான் மாமி பயமாக் கிடக்கு. முதல் நாள் எனக்கு உப்புத் தெரிஞ்சது. தண்ணி மாறேல்லை. என்ரை நாக்குத்தான் மாறிப்போச்சு."

அன்னபூரணம் இலையை உருவுவதை நிறுத்தவில்லை. ஆனால் அந்தப் பேச்சு அவள் மனதில் விழுந்துவிட்டது. அவள் இந்த வீட்டுக்கு வந்து முப்பத்தெட்டு வருடம். தான் வந்த காலத்தில் இந்தத் தண்ணீர் எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்த்தாள். இனிப்பாக இருந்தது என்று ஞாபகம். இப்போதும் இனிப்பாகத்தான் இருக்கிறது. இடையில் என்ன நடந்தது என்று கேட்டால் அவளால் சொல்ல முடியவில்லை.

அடுத்த கிழமை, ஊரார் பி.எச்.ஐ. என்று சொல்லும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சதீசன் வந்தார். முப்பது வயது வராத, மரியாதையான பையன். தீவிலுள்ள எல்லாக் குடிநீர்க் கிணறுகளிலும் போத்தலில் தண்ணீர் எடுத்துச் சோதனைக்கு அனுப்புவதாகச் சொன்னார். ஐயாத்துரையே வாளியை விட்டு அள்ளிக் கொடுத்தார். மூன்று கிழமை கழித்துச் சதீசன் ஒரு கடதாசியோடு திரும்பிவந்தபோது முகம் நன்றாக இல்லை.

"ஐயா, உப்பு இருக்கவேண்டிய அளவைப்போலை ரண்டு மடங்கு கிடக்கு. சுத்தியிருக்கிற தோட்டங்களிலை மோட்டர் போட்டு இறைக்கிறதாலை கடல் கொஞ்சம் கொஞ்சமா உள்ளுக்கு வருது. உப்பு ஒரு பக்கம். உரம் கரைஞ்சு நைத்திரேற்றும் கூடிப்போச்சு. பெரிய ஆக்களுக்கு உடனை ஒண்டும் தெரியாது. ஆனா இதிலை பால்மா கரைச்சுக் கைக்குழந்தையளுக்குக் குடுத்தா ரத்தம் பழுதாகிப் பிள்ளை நீலம் பாரிக்கும். கொதிக்க வைச்சாலும் அது போகாது."

ஐயாத்துரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய்ப் பானையிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.

"கடதாசியை வையும் தம்பி. இதைக் குடிச்சுப்போட்டுச் சொல்லும்."

சதீசன் மறுக்காமல் முழுவதையும் குடித்தார். "உவராத்தான் கிடக்கு ஐயா."

"அண்டைக்குப் போத்தலிலை எடுக்க வந்தநேரமும் ஒரு தம்ளர் குடிச்சனீர். நல்ல தண்ணி எண்டனீர். இப்ப கடதாசியைப் பார்த்தாப் பிறகுதானே உமக்கு உவர்க்குது?"

சதீசன் தம்ளரைப் பார்த்தார். "அப்பிடியும் இருக்கலாம் ஐயா," என்றார். "அதாலைதான் நாக்கை நம்பாமல் மெசினிலை பார்க்கிறது."

கிணற்றை மூடவேண்டும் என்று அவர் அன்று சொல்லவில்லை. ஊர்க்கூட்டம் வைத்துத்தான் முடிவெடுப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார். சாயந்தரம் தண்ணீர் அள்ள வந்தவர்களிடம் ஐயாத்துரை வழக்கம்போல "முதல் வாளியை ஊத்துங்கோ" என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டார்.

பத்து நாள் போயிருக்கும். காலையில் கிணற்றடியில் வாளியை இழுத்துக்கொண்டிருந்தவர் கயிற்றை விட்டுவிட்டுக் கிணற்றுக் கட்டோடு சாய்ந்துவிட்டார். கஜாலினி ஓடிப்போய்ப் பிடித்தாள். ஆஸ்பத்திரியில் இரத்த அழுத்தம் பார்த்தபோது பிறசர் நூற்றுத் தொண்ணூறுக்கு மேல் காட்டியது. அவர் ஏற்கெனவே போட்டுவந்த குளிசை மாத்திரைகளைக் கூட்டிக் கொடுத்த டொக்டர், உப்பைக் குறைக்கவேண்டும், இனித் தண்ணீர் இழுக்கவும் கூடாது என்றார்.

"உப்பு நான் கறியிலையே போடுறேல்லை டொக்டர்," என்றாள் அன்னபூரணம்.

"குடிக்கிற தண்ணி என்ன தண்ணி?"

அவள் சொன்னாள். டொக்டர் தலையை ஆட்டிவிட்டு, "அதை மாத்துங்கோ அம்மா," என்றார்.

வீட்டுக்கு வந்து அவள் குழாய்த் தண்ணீரை வைத்தாள். அவர் முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார். மன்றாடிப் பார்த்தாள். மகனைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கதைக்க வைத்தாள். அவர் சண்டை பிடிக்கவில்லை. "ஏலாதப்பா. தொண்டைக்குள்ளை இறங்குதில்லை. ஆஸ்பத்திரிக் கட்டில் மணம் மணக்குது," என்றார். அன்று முழுவதும் ஒரு இளநீரைத் தவிர எதுவும் குடிக்கவில்லை. மறுநாள் மத்தியானம் உதடு காய்ந்து, கையெல்லாம் நடுங்கியபடி இருந்த மனிசனைப் பார்க்க அவளால் முடியவில்லை. கிணற்றில் அள்ளி வந்து கொடுத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். குடித்து முடித்து, "இதுதானப்பா தண்ணி," என்றார்.

அப்போதுதான் அவள் முடிவெடுத்தாள்.

கஜாலினி பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஸ்கூட்டியின் முன்னால் ஒரு பிளாஸ்டிக் கான் நிறையக் குழாய்த் தண்ணீர் கொண்டுவருவாள். அவர் மத்தியானம் படுக்கும் நேரம் அது. அவர் எழும்பியபிறகு அன்னபூரணம் கிணற்றிலிருந்து ஒரு குடம் அள்ளி, அவர் காணக்கூடியதாக முற்றத்தால் கொண்டுவந்து, குசினிக்குள் போய் அதைப் பாத்திரம் கழுவும் வாளிக்குள் ஊற்றுவாள். பானைக்குள் முதல் கிழமை நான்கில் ஒரு பங்குதான் குழாய்த் தண்ணீர். அடுத்த கிழமை பாதி. நான்காம் கிழமை பானை முழுவதும் அதுதான். பழைய மண்பானையில் ஒரு இரவு நின்றால் எந்தத் தண்ணீருக்கும் கொஞ்சம் மண் வாசம் வரும். அதுவும் அவளுக்கு உதவியது.

முழுப்பானையையும் மாற்றிய அன்று அவளே முதலில் குடித்துப் பார்த்தாள். மருந்து மணம் நன்றாகத் தெரிந்தது. பிடிபடப்போகிறோம் என்று நினைத்தாள். ஐயாத்துரை வந்து இரண்டு தம்ளர் குடித்தார். மீசையைத் துடைத்தார்.

"பி.எச்.ஐ. தம்பி உவர் எண்டுது. இதை உவர் எண்டு சொல்லுற வாயும் ஒரு வாயோ, அன்னம்?"

அவள் திரும்பி நின்று அடுப்பை ஊதினாள். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

"மாமாவுக்குச் சொல்லவேணும் மாமி," என்றாள் கஜாலினி, அவர் வெளியே போனபிறகு. "ஏமாத்துற மாதிரிக் கிடக்கு."

"ஏமாத்துறதுதான். எனக்கும் தெரியும். சொன்னால் குடிக்கமாட்டார் பிள்ளை. நீர் அண்டைக்கு அவரின்ரை கையைப் பார்த்தனீர்தானே?"

கஜாலினி வெறும் கானைக் கதவுக்குப் பின்னால் மறைத்துவைத்தாள்.

அன்னபூரணத்துக்கு அது லேசாக இருக்கவில்லை. முப்பத்தெட்டு வருடத்தில் அவருக்கு மறைத்து அவள் செய்தவை எல்லாம் சின்னச் சின்ன விசயங்கள். இது ஒவ்வொரு நாளும் செய்யவேண்டிய பொய். அவர் தண்ணீரைப் புகழாத நாள் கிடையாது, அந்தப் புகழ்ச்சி அவளுக்குள் முள்ளாகக் குத்தும். ஆனால் அவர் நடை உறுதியானதையும் காலையில் தலையைப் பிடித்துக்கொண்டு இருக்காததையும் கண்டாள். கிளினிக்கில் இரண்டு மாதத்தில் பிறசர் நூற்று நாற்பதுக்கு இறங்கியிருந்தது. குளிசையாலா, தண்ணீராலா என்று யார் கண்டது? ஐயாத்துரைக்கு மட்டும் சந்தேகமே இல்லை. கிளினிக் கொப்பியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்.

அந்தக் கொப்பியோடுதான் அவர் வாசிகசாலையில் நடந்த ஊர்க்கூட்டத்துக்குப் போனார். சதீசன் சோதனை முடிவுகளை வாசித்து, ஐந்து கிணறுகளைக் குடிக்கப் பாவிக்கக்கூடாது என்றார். ஐயாத்துரையின் கிணறு மூன்றாவது. சனம் முணுமுணுத்தது. ஐயாத்துரை எழுந்தார்.

"நான் படிச்சவன் இல்லை. ஆனா என்ரை உடம்பை எனக்குத் தெரியும். ரண்டு மாசத்துக்கு முதல் நான் விழுந்து கிடந்தனான், உங்களுக்கும் தெரியும். அதுக்குப் பிறகும் என்ரை கிணத்துத் தண்ணியைத் தவிர வேறை ஒரு சொட்டு என்ரை வாயிலை படேல்லை. இந்தா கிளினிக் கொப்பி. பிறசர் குறைஞ்சு கிடக்கு. தண்ணி கூடாதெண்டால் இது என்னெண்டு குறைஞ்சது?"

சனம் கைதட்டியது. பெண்கள் பக்கத்தில் இருந்த அன்னபூரணம் தலையைக் குனிந்தாள். எழும்பி உண்மையைச் சொல்லவேண்டும் என்று நினைத்தாள். இத்தனை பேருக்கு முன்னால் அவரை எப்படிப் பொய்யராக்குவது? அவள் எழும்பவில்லை. கூட்டம் முடிவில்லாமலே கலைந்தது.

மறுநாள் காலை, கஜாலினி பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்த நேரம், படலை திறந்தது. ஒழுங்கைக் கடைசி வீட்டு நிலாந்தினி இடுப்பில் குடத்தோடு வந்தாள். அவள் கணவன் கட்டாரில். அவளும் இரண்டரை மாதக் குழந்தையும் மட்டும்தான் வீட்டில். இவ்வளவு நாளும் சந்திக் குழாய்க்குப் போய் வந்தவள்.

"என்ன பிள்ளை, குடத்தோடை?"

"எனக்குப் பால் காணாதெண்டு பிள்ளைக்குப் பால்மாவும் கரைச்சுக் குடுக்கிறனான் அன்ரி. ஒவ்வொரு நாளும் சந்திக்குப் போய்வர பிள்ளையைத் தனிய விட ஏலாமல் கிடக்கு. நேற்று ஐயா சொன்னதைக் கேட்டாப் பிறகு ஏன் அலையிறன் எண்டு நினைச்சன். ஐயாவுக்கே சுகம் வந்த தண்ணிதானே."

அன்னபூரணம் படியால் இறங்கினாள். "பொறும்," என்று சொல்லிக் குடத்தை வாங்கினாள். குசினிக்குள் போய்ப் பானையைச் சரித்து அதிலிருந்த தண்ணீரையெல்லாம் குடத்துக்குள் விட்டாள். பானையின் அடியில் கொஞ்சம்தான் மிஞ்சியது. "பிள்ளைக்கு இதிலை கரையும். நாளைக்கும் இஞ்சை என்னட்டை வாரும். கிணத்திலை நீர் அள்ளவேண்டாம். சரியோ?"

நிலாந்தினி விளங்காமல் தலையாட்டிவிட்டுப் போனாள். விறாந்தையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த ஐயாத்துரை எல்லாவற்றையும் பார்த்திருந்தார்.

"ஏனப்பா பானைத் தண்ணியைக் குடுக்கிறீர்? கிணறு வத்திப் போச்சோ?"

அன்னபூரணம் குசினி வாசற்படியில் இருந்துவிட்டாள். "இஞ்சருங்கோ, அது கிணத்துத் தண்ணியில்லை."

"பின்னை?"

"பைப்புத் தண்ணி. நீங்கள் குடிக்கிறதும் அதுதான். ஒரு மாசத்துக்கு மேலை முழுக்க அதுதான். அதுக்கு முதல் கலந்து தந்தனான்."

அவர் முதலில் சிரித்தார். பிறகு கஜாலினியைப் பார்த்தார். அவள் ஸ்கூட்டித் தொப்பியைக் கையில் பிடித்தபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சிரிப்பு நின்றுவிட்டது.

அவர் எழுந்து குசினிக்குள் போனார். பானையின் அடியில் இருந்த தண்ணீரைத் தம்ளரில் வார்த்து ஒரு வாய் எடுத்தார். முகம் சுருங்கியது. வெளியே ஓடிப்போய் வாழையடியில் துப்பினார்.

"மருந்து! ஒரே மருந்து மணம்!"

"காலமை எழும்பி ரண்டு தம்ளர் குடிச்சனீங்கள்," என்றாள் அன்னபூரணம். "இதே பானை. அதுக்குப் பிறகு நான் ஒரு சொட்டும் சேர்க்கேல்லை."

ஐயாத்துரை தம்ளரைப் பார்த்தார். காலையில் குடித்ததை அவர் மறக்கவில்லை. குளிர்ச்சியாக, இனிப்பாக, வழக்கம்போல் இருந்தது. இரண்டு மணித்தியாலம்கூட ஆகவில்லை. திரும்பவும் முகர்ந்தார். மணம் இருந்தது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருந்தது.

"சபையிலை எழும்பி நிண்டு கதைச்சனான், அன்னம்," என்றார் மெதுவாக. "எல்லாச் சனத்துக்கும் முன்னாலை. நேற்றாவது சொல்லியிருக்கலாம்."

"பயந்துபோனன்."

"என்னை விசரனாக்கிப்போட்டீர்."

அவள் அழுதாள். அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விட்டார்.

மூன்று நாள் அவர் அவளோடு கதைக்கவில்லை. சாப்பாட்டை வைத்தால் சாப்பிட்டார். பானையைத் தொடவில்லை. டொக்டர் சொன்னதையும் மீறித் தானே கிணற்றில் அள்ளினார். முதல் நாள் அள்ளிய தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்தவர் அப்படியே நின்றார். உவர்த்தது. வாளி சரியில்லை என்று தேய்த்துக் கழுவினார். முதல் வாளியை ஊற்றிவிட்டு இரண்டாவதை அள்ளினார். அதுவும் உவர்த்தது. பின்னேரம் போய்ப் பார்த்தார். மறுநாள் காலை வெறுவயிற்றில் பார்த்தார். நாக்கின் இரண்டு ஓரத்திலும் கரித்துக்கொண்டு இறங்கியது.

அன்னம் சொன்னபடியால்தான் இப்படித் தெரிகிறதோ? கடதாசியைப் பார்த்தபிறகு உவர்க்கிறது என்று அந்தப் பையனைக் கேலி செய்தோமே, அதேதான் தனக்கும் நடக்கிறதோ? அல்லது இவ்வளவு காலமும் உவர்த்த தண்ணீரைத்தான் இனிப்பென்று குடித்தோமோ? எதை நம்புவது என்று தெரியவில்லை. அறுபத்தேழு வயதில் தன் வாயைத் தானே நம்ப முடியாமல் போனது அவருக்குப் பெரிய தனிமையாக இருந்தது. அன்னபூரணத்திடம் சொல்லவேண்டும் போலிருந்தது. அவளோடுதானே கோபம்.

அந்த வாரம் சசிகரனுக்கு வர முடியவில்லை. சனிக்கிழமை காலை அவர் கஜாலினியைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, நீர் மாமியோடை சேர்ந்து செய்ததை நான் கேட்கேல்லை. இப்ப எனக்கு ஒரு உதவி செய்யும். மூண்டு தம்ளரிலை தண்ணி கொண்டுவாரும். கிணத்துத் தண்ணியும் வையும், பைப்புத் தண்ணியும் வையும். எது எதெண்டு எனக்குச் சொல்லவேண்டாம். முகத்திலையும் காட்டவேண்டாம்."

அவள் மூன்று தம்ளர்களைத் தட்டத்தில் வைத்துக் கொண்டுவந்து, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். குசினி யன்னலால் அன்னபூரணம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் ஒவ்வொன்றாகக் குடித்தார். அவசரப்படவில்லை. முதலாவதைத் திரும்பவும் ஒருமுறை குடித்தார்.

"நடுவிலை கிடக்கிறது உவர்," என்றார். "மற்ற ரண்டும் நல்ல தண்ணி. எங்கட பழைய தண்ணி மாதிரி. மருந்து மணம் ஒண்டிலையும் இல்லை. எது கிணத்துத் தண்ணி பிள்ளை?"

கஜாலினி திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. "நடுவிலை இருக்கிறதுதான் மாமா எங்கட கிணறு. மற்ற ரண்டும் பைப்பு."

அவர் தட்டத்தைப் பார்த்தார். பிறகு முதலாவது தம்ளரை எடுத்துத் திரும்பவும் ஒரு வாய் குடித்தார். தலையை ஆட்டினார். "இப்ப மணக்குது," என்றார். சிரிக்கத்தான் முயன்றார். தம்ளரைத் தட்டத்தில் திரும்ப வைத்தார்.

வெயில் ஏறுமுன் அவர் ஒழுங்கைக்குப் போனார். முதலில் நிலாந்தினி வீடு. குழந்தை பாயில் காலை உதைத்துக்கொண்டு கிடந்தது. நிறம் நன்றாக இருந்ததைப் பார்த்தபிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

"பிள்ளை, நான் சபையிலை பிழையாச் சொல்லிப்போட்டன். நான் குடிச்சது கிணத்துத் தண்ணியில்லை. எனக்கே தெரியாமல் வீட்டிலை பைப்புத் தண்ணி தந்தவை. கிணத்துத் தண்ணி குழந்தைக்குக் குடுக்காதையும், ஒரு நாளும் குடுக்காதையும். உமக்குத் தேவையான தண்ணியை நான் கொண்டுவந்து தாறன்."

மற்ற வீடுகளுக்கும் போனார். எல்லா இடத்திலும் இதையே சொன்னார். தன் மனிசி தன்னை ஏமாற்றினாள் என்று எந்த வீட்டிலும் சொல்லவில்லை. வீட்டிலை தந்தவை என்றுதான் சொன்னார். சிலர் நம்பவில்லை. "பி.எச்.ஐ. வெருட்டினவரோ ஐயா?" என்று ஒருவர் கேட்டார். அவரோடு ஒன்றாகப் படித்த ஒருவர், காலையில் அள்ளிவைத்த குடத்திலிருந்து ஒரு செம்பு தண்ணீரை அவருக்கு முன்னாலேயே குடித்துக் காட்டினார்.

"தேனாக் கிடக்கு ஐயாத்துரை. உனக்கு வயசு போய் நாக்குச் செத்துப்போச்சு."

அந்த முகத்தை ஐயாத்துரை பார்த்தார். பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையாகவே தேனாகத்தான் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு முன் சதீசனுக்குத் தான் காட்டிய முகமும் இதுவாகத்தான் இருந்திருக்கும். வாதாட அவருக்கு மனம் வரவில்லை.

"உனக்கு அப்பிடித்தான் இருக்கும்," என்றார். "உன்ரை மகளின்ரை கைக்குழந்தை வரப்போகுதெல்லே, அதுக்கு மட்டும் குடுக்காதை. இதை எனக்காகச் செய்."

திங்கட்கிழமை சதீசன் வந்து கிணற்றுக் கட்டில் சிவப்புத் தீந்தை தோய்த்த தூரிகையால் குடிக்கக்கூடாது என்று எழுதினார். ஐயாத்துரை பக்கத்தில் நின்று தீந்தைப் பேணியைப் பிடித்துக்கொண்டார். கப்பியைக் கழற்றவேண்டுமா என்று கேட்டார். குளிக்க, மரங்களுக்கு இறைக்கப் பாவிக்கலாம், விடுங்கோ என்றார் சதீசன். போகும்போது, "நீங்கள் சொன்னபடியாலைதான் சனம் கேட்குது ஐயா. நான் சொல்லி ஒருத்தரும் கேட்கேல்லை," என்றார்.

அன்று பின்னேரம் இரண்டு கான்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சந்திக் குழாயடிக்கு அவரே போனார். வரிசையில் நின்ற பெண்கள் விலகி இடம் விட்டார்கள். வேண்டாம் என்று கடைசியிலேயே நின்றார். ஒரு கானை நிலாந்தினி வீட்டில் இறக்கிவிட்டு மற்றதை வீட்டுக்குக் கொண்டுவந்து, அன்னபூரணம் பார்த்துக்கொண்டிருக்கப் பானைக்குள் வார்த்தார். ஒரு தம்ளர் எடுத்துக் குடித்தார். முகம் சுருங்கியது. ஆனாலும் முடித்தார்.

"மணக்குதோ?" என்று கேட்டாள் அவள். நான்கு நாட்களுக்குப் பிறகு அவரிடம் அவள் கேட்ட முதல் கேள்வி அது.

"மணக்குது. மணமில்லை எண்டும் தெரியும். தெரிஞ்சாலும் மணக்குது." தம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "குடிக்கக் குடிக்க விட்டிடும் எண்டு நினைக்கிறன்."

அவள் அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இனி எனக்குச் சொல்லாமல் ஒண்டும் செய்யாதையும், அன்னம்."

"செய்யமாட்டன். ஆனா ஒண்டு கேட்கிறன். அண்டைக்குச் சொல்லித் தந்திருந்தா நீங்கள் குடிச்சிருப்பியளோ?"

ஐயாத்துரை உண்மையாகவே யோசித்தார். பொய் சொல்லி அவளை இன்னும் குற்றவாளியாக்க அவருக்கு விருப்பமில்லை.

"இல்லை," என்றார்.

பிறகு வெறுமையான கானைத் திரும்பவும் சைக்கிளில் கட்டினார். கிணற்றுத் தண்ணீரைத் தேன் என்று குடித்துக் காட்டிய பழைய சிநேகிதன் வீட்டுக்கு அவருடைய மகளின் கைக்குழந்தை அன்றைக்குத்தான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தது.